நல்ல கடவுள் இருக்கும்போது இவ்வளவு துன்பம் ஏன்? ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவார வகுப்பு எடுக்கிறேன். பதம் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது, பண் பிசகாமல் பாடவைப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் தங்கிவிடுவார். "டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்பார். தொடக்கக்கல்லூரிப் பையனாக இருக்கலாம், பேரனைப் பாட்டுக்குக் கொண்டுவந்து விடும் பாட்டியாக இருக்கலாம். கேள்வி சுற்றிச் சுற்றி ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பித் தொண்டை கட்டிக்கொண்டதால் எழுதியே வைத்துவிட்டேன். நான் தத்துவம் படித்தவள் இல்லை. ஓய்வு பெறும்வரை கணக்கு எழுதியவள். அந்தப் பழக்கம் பதில்களிலும் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எது எதோடு பொருந்தவில்லை என்கிறார்கள்? கேள்வியை முதலில் சரியாகச் சொல்லுங்கள்.

நான்கு வரி. கடவுள் இருக்கிறார். அவர் எல்லாம் வல்லவர். அவர் முழுக்க நல்லவர். உலகில் தீமை இருக்கிறது. தீமையைத் தடுக்க முடியவில்லை என்றால் அவர் வல்லவர் இல்லை. முடிந்தும் மனமில்லை என்றால் நல்லவர் இல்லை. முடியும், மனமும் உண்டு என்றால் தீமை எங்கிருந்து வந்தது? எபிகியூரஸ் என்ற கிரேக்கர் பெயரில் வழங்கும் கேள்வி இது. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் இதையே மறுபடி கேட்டு எழுதிய நூல் அவர் இறந்தபிறகு 1779இல்தான் வெளிவந்தது.

நான்கில் ஏதாவது ஒன்றை விட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். படைத்த கடவுள் என்ற ஒன்றைப் பௌத்தம் ஏற்பதில்லை, அதனால் இந்தக் கேள்வியே அங்கு எழாது. சிலர் நான்காவது வரியை விடுகிறார்கள். துன்பம் எல்லாம் வெறும் தோற்றம் என்பார்கள். பல்வலி வந்த அன்று அவர்களைப் பார்க்க ஆசை.

இது வெள்ளைக்காரர் கிளப்பிவிட்ட கேள்விதானே? நம் முன்னோர் இப்படியெல்லாம் கேட்டதில்லை என்று என் மாமா சொல்கிறார்.

மாமா புறநானூற்றின் 194ஆம் பாட்டைப் படித்திருக்கமாட்டார். பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மண முழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், இன்னொருத்தியின் கண்ணில் நீர் நிற்கவில்லை. இதைப் பார்த்துவிட்டுப் புலவர் சொல்கிறார்: "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்." பண்பில்லாதவன்தான் இப்படிப் படைத்திருக்கிறான்! ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால், எந்த வெள்ளைக்காரரும் சொல்லிக்கொடுக்காமல்.

இந்தப் பாட்டை நான் புத்தகத்தில் படித்ததைவிட நேரில் பார்த்தது அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒன்பது வயதுப் பெண்ணைக் கிடத்தியிருந்தோம். ரத்தப் புற்றுநோய். இரண்டு புளோக் தள்ளி, அங்கும் கீழ்த்தளம்தான், மலாய்க் கல்யாணம். மஞ்சளும் பச்சையுமாகத் துணி கட்டி, ரெண்டாங் இறைச்சிக் கறி மணம் வீச, கொம்பாங் மேளம் அதிர்கிறது. இங்கே ஒப்பாரி. ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் முழவின் பாணி ததும்ப. வீவக அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிற நமக்கு இந்தப் பாட்டுக்கு உரையே தேவையில்லை.

வள்ளுவரும் சும்மா விடவில்லை. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டும் என்றால் உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்கிறார் (குறள் 1062). கண்ணகி மதுரைத் தெருவில் நின்று "தெய்வமும் உண்டுகொல்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவளைக் கோயில் கட்டிக் கும்பிட்டோமே தவிர நாத்திகி என்று தள்ளிவைக்கவில்லை.

மனிதன் தப்பாக நடந்தால் அதற்குக் கடவுள் எப்படிப் பொறுப்பாவார்?

நியாயமான மறுப்பு. தத்துவ நூல்களில் இதற்குச் சுதந்திர விருப்ப வாதம் என்று பெயர். உதாரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம், தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையோடு நடந்து ஓவன் சாலை முனைக்கு வாருங்கள். 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகல், அங்கிருந்த ஆறு மாடி லியன் யாக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. ஹோட்டல் நியூ வோர்ல்டு என்றால்தான் ஊருக்குத் தெரியும். 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். அப்போது எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்து இடிபாட்டுக்கு அடியில் குடைந்து வழி செய்தார்கள்.

அன்றைக்கு விதி என்றவர்கள் உண்டு, சாமி குற்றம் என்றவர்களும் உண்டு. விசாரணையில் வெளிவந்தது வேறு. தூண்கள் தாங்கவேண்டிய எடையைக் கணக்கிட்டபோது கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை! உள்ளே வரப்போகும் ஆட்களையும் சாமான்களையும் கணக்கில் எடுத்தவர், அவற்றைச் சுமக்கும் சுவரையும் தளத்தையும் விட்டுவிட்டார். ஐந்தொகையில் ஒரு பக்கம் முழுக்க விட்டுப்போன மாதிரி. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். அதன்பிறகு சட்டம் மாறியது. கட்டமைப்புக் கணக்கை இன்னொரு பொறியாளர் தனியாகச் சரிபார்த்தாக வேண்டும் என்றானது.

இதில் கடவுள்மேல் எந்தப் பழியும் இல்லை என்று ஒருவர் சொன்னால் நான் பெரும்பாலும் தலையாட்டுவேன். தப்பாகக் கூட்ட முடியாத உலகத்தில் சரியாகக் கூட்டுவதற்கும் பொருள் இருக்காது. ஜே. எல். மேக்கி என்ற ஆஸ்திரேலியத் தத்துவ ஆசிரியர் 1955இல், நல்ல கடவுளும் தீமையும் சேர்ந்து இருப்பது தர்க்கப்படியே முரண் என்று எழுதினார். 1974இல் ஆல்வின் பிளான்டிங்கா கொடுத்த பதில் இதுதான்: சுதந்திரமும் வேண்டும், ஒருவரும் ஒருபோதும் தவறக்கூடாது என்ற உறுதியும் வேண்டும் என்றால், அப்படி ஒன்றைச் செய்வது எல்லாம் வல்லவருக்கும் இயலாததாக இருக்கலாம், சதுர வட்டம் போல. 'இருக்கலாம்' என்பது போதும், முரண் இல்லை என்று காட்டிவிடும். தத்துவத் துறையில் பெரும்பாலோர் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆக, பொருந்துமா என்று கேட்டால் பொருந்தும். ஆனால் இது எவ்வளவு சின்ன வெற்றி என்று பாருங்கள். ஒரு கணக்கு முரணில்லாமல் இருக்கிறது என்பதால் அது உண்மைக் கணக்கு ஆகிவிடாது. அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரே ஒரு முறை, கட்டடத்துக்குள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து விழவைத்திருக்கக்கூடாதா என்று ஒரு பிள்ளை வகுப்பில் கேட்டாள். தூண்களில் விரிசல் முன்கூட்டியே தெரிந்ததாம், ஆட்கள் வெளியேறவில்லை. அந்த 'ஒரே ஒரு முறை'க்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, சுனாமி? அதில் யார் தப்பு?

யார் தப்பும் இல்லை. அதனால்தான் அது கடினமான கேள்வி.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் பூமி பிளந்தது. இங்கே உயரமான புளோக்குகளில் இருந்தவர்கள் சிலர் விளக்கு ஆடுவதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அலை சிங்கப்பூருக்கு வரவில்லை, சுமத்திராத் தீவு குறுக்கே கிடக்கிறது. அதே அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். நம்மைக் காத்த தீவு, தன் வடமுனையான அச்சேயில் தன் மக்களையே காக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் என் அம்மா, "நம்மள ஆண்டவன் காப்பாத்துனான்" என்று சொல்ல வாயெடுத்து, தொலைக்காட்சியைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஐரோப்பாவுக்கு இதே அடி 1755இல் விழுந்தது. நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், லிஸ்பன் நகரத் தேவாலயங்களில் மக்கள் நிறைந்திருந்த காலை வேளையில் நிலநடுக்கம். 'இருக்கக்கூடிய உலகங்களிலேயே இதுதான் சிறந்தது' என்று லைப்னிட்ஸ் 1710இல் எழுதியிருந்தார். வால்டேர் அந்த வாக்கியத்தை எடுத்து 1759இல் ஒரு கதையில் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்.

கடவுள் பக்கம் நின்று சொல்லப்படும் பதில் இது: உலகம் ஒழுங்கான விதிகளின்படி நடந்தால்தான் நாம் எதையும் கற்க முடியும், திட்டமிட முடியும். தட்டுகள் நகர்வதால்தான் மலையும் எரிமலை மண்ணும் உண்டாகின்றன. சுடாத நெருப்பு சோறு வேகவைக்காது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் நெருப்பு சுடவேண்டும் என்பது வேறு, இத்தனை பிள்ளைகளைச் சுடவேண்டும் என்பது வேறு. அளவைப் பற்றி இந்தப் பதில் வாய்திறப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் கன்மம் என்று நம் சமயம் சொல்லிவிட்டதே. பிறகு ஏன் இவ்வளவு பேச்சு?

இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

கன்மம் பலமான பதில். பிரம்ம சூத்திரமே (2.1.34) இந்தக் குற்றச்சாட்டை நேராக எடுத்துக்கொள்கிறது: இறைவனுக்குப் பாரபட்சமும் இல்லை, இரக்கமின்மையும் இல்லை, அவன் உயிர்களின் வினையைப் பார்த்தே செய்கிறான். உரை எழுதிய சங்கரர் மழையை உவமை சொல்கிறார். மழை பொதுவாகப் பெய்கிறது, நெல் நெல்லாகவும் வாற்கோதுமை வாற்கோதுமையாகவும் முளைப்பது விதையால். நம் சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி போகிறது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் தொடக்கம் இல்லாதவை. உயிரைக் கடவுள் படைக்கவில்லை, உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலம் என்ற அழுக்கையும் அவன் படைக்கவில்லை. செம்புக்குக் களிம்பு போல, நெல்லுக்கு உமி போல அது கூடவே இருப்பது. இந்த உடம்பும் உலகமும் அந்தக் களிம்பைத் தேய்க்கக் கொடுத்த புளி. ஆக, 'நல்லவன் ஏன் தீமையைப் படைத்தான்' என்ற கேள்வி, சித்தாந்தத்துக்கு மூல நூல் தந்த மெய்கண்டார் முன்னால் எடுபடாது. படைக்கவே இல்லையே!

ஆனால் கணக்குப்பிள்ளையாக எனக்கு இரண்டு ஐயம். வினைக்குத் தொடக்கம் இல்லை என்றால் கணக்கின் முதல் பக்கம் எங்கே? ஒவ்வொரு பக்கத்திலும் 'முன்பக்க இருப்பு' என்று எழுதிக்கொண்டே போனால் அந்த இருப்பு எப்படி வந்தது என்று எந்தப் பக்கத்திலும் தெரியாது. இரண்டாவது, நினைவு. ஒரு மாணவன் கன்மத்தை, சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதியோடு ஒப்பிட்டான். நம்மைக் கேட்காமலே ஏறுகிறது, நினைத்தபோது எடுக்கவும் முடியாது என்று. எல்லாரும் சிரித்தோம். பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், "சேமநிதிக்காவது அறிக்கை வருது தம்பி" என்றார். எந்தத் தப்புக்கு இந்த அடி என்று தெரியாமல் வாங்கும் அடி யாரைத் திருத்தும்? சித்தாந்திகள் இதற்கும் விடை வைத்திருக்கிறார்கள், நோய்க்குக் காரணம் தெரியாத குழந்தைக்கும் மருந்து வேலை செய்கிறது என்று. பாதி ஏற்கிறேன்.

மேலே சொன்ன அந்தச் சாவு வீட்டுக்கு வருகிறேன். ஒரு பெரியவர், நல்ல மனிதர், எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்பவர், அந்தத் தாயின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "போன ஜென்மத்துக் கணக்கும்மா. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்க" என்றார். அவள் தலைநிமிர்ந்து கேட்டாள்: "யாரு கணக்குங்க ஐயா? அவளோடதா, என்னோடதா?" பெரியவருக்கு வாய் அடைத்துப்போனது. சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல்களை அடுக்க எழுந்துபோனார்.

அன்றிலிருந்து என் எண்ணம் இது: கன்மம் தன்மையில் மட்டுமே பேசத்தக்கது. 'என் வினை' என்று நான் சொல்லலாம், 'உன் வினை' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தேவாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அப்பர் சூலைநோயில் துடித்தபடி திருவதிகையில் பாடிய முதல் பாட்டு, "கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நான் அறியேன்." கொடுமை பல செய்தேனோ, அறியேன். தன்னைப் பற்றியே 'அறியேன்' என்கிறார். அடுத்தவர் வயிற்றுவலிக்கு அவர் காரணம் சொல்லப் போகவில்லை.

சிலப்பதிகாரத்திலும் பாருங்கள். மதுரை எரிந்தபிறகு மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகியிடம் முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. கோவலன் போன பிறவியில் சங்கமன் என்ற வணிகன் கொலையுண்ணக் காரணமாக இருந்தான், அவன் மனைவி நீலி இட்ட சாபம் இது என்று. ஐயந்திரிபற்ற விளக்கம், சொல்வதும் தெய்வம். கண்ணகி ஆறுதல் அடைந்தாளா? கணவனைக் காணும்வரை இருக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று நடக்கிறாள். கிழக்கு வாயிலில் கணவனோடு வந்தேன், மேற்கு வாயிலில் தனியே போகிறேன் என்கிறாள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். அவள் கேட்டது அதை அல்ல.

அப்படியானால் பல்லக்கில் போகிறவனும் தூக்குகிறவனும் ஒன்றா? குறள் 37 வினைப்பயனைத்தானே சொல்கிறது?

பரிமேலழகர் அப்படித்தான் உரை சொல்கிறார். அந்தக் குறளில் 'வேண்டா' என்று ஒரு சொல் இருக்கிறது. அறத்தின் பயன் இதுதான் என்று பல்லக்குத் தூக்குகிறவனையும் ஏறிப்போகிறவனையும் காட்டிச் சொல்லாதே என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

துன்பம் நம்மைப் பக்குவப்படுத்தத்தானே வருகிறது?

சில நேரம் ஆம். சித்தாந்தத்தில் அறக்கருணை, மறக்கருணை என்று பிரிப்பார்கள். தாய் பாலும் தருவாள், வேப்பெண்ணெயும் புகட்டுவாள். கிறிஸ்துவச் சிந்தனையில் ஜான் ஹிக் 1966இல் எழுதிய நூலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இந்த உலகம் சொகுசு விடுதி இல்லை, ஆன்மா உருவாகும் பட்டறை. கட்டாயத் தேசிய சேவைக்கு (ராணுவப் பயிற்சி மாதிரி) போய்வந்த பையன்களுக்கு இந்தப் பதில் சட்டென்று பிடிக்கும். இரண்டு வருடம் கசந்தது, இப்போது இனிக்கிறது என்பார்கள்.

திரும்பி வந்தவர்களின் பேச்சு அது. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ஓட்டிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. வாந்திபேதியிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மண்ணானார்கள். யார் பக்குவப்பட்டார்? பார்த்த நாம் பக்குவப்படுவதற்காக அவர்கள் செத்தார்கள் என்று சொன்னால், அதைவிடக் கொடூரமான கடவுளை நான் கேள்விப்பட்டதில்லை.

போரின்போது வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் ஓடியவர்கள் பிழைத்தார்கள் என்கிறார்களே, அது அருள் இல்லையா?

குண்டுவீச்சில் மக்கள் அங்கே தஞ்சம் புகுந்தது உண்மை. பிழைத்தவர் நன்றி சொல்வதும் சரி, நானும் சொல்வேன். ஆனால் அதை வாதமாக வைக்கும்போது, வேறு எங்கோ வேறு ஒரு சாமியைக் கூப்பிட்டபடி செத்தவர்களின் சாட்சியத்தையும் கேட்கவேண்டும். அவர்கள் வந்து சொல்லப்போவதில்லை.

மாரியம்மன் அம்மையைத் தந்தாளா, தீர்த்தாளா?

இரண்டும். சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயில் 1827இல் தொடங்கியது. அம்மை வந்து பலர் செத்துக்கொண்டிருந்த காலம். நோய்க்கும் 'அம்மை', தாய்க்கும் 'அம்மை'. நல்லதை ஒரு கணக்கிலும் கெட்டதை இன்னொரு கணக்கிலும் எழுதாமல் இரண்டையும் ஒரே முகத்தில் பார்க்கும் துணிச்சல் அந்த மக்களுக்கு இருந்தது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்தார்கள். தடுப்பூசி போட்டவர்கள் அம்மனை எதிர்த்தார்கள் என்று எனக்குத் தெரிந்து யாரும் சண்டைக்குப் போகவில்லை. தீமிதி இன்றும் நடக்கிறது. துன்பத்துக்குத் தெய்வீகக் காரணம் இருக்கும் என்று நம்பிக்கொண்டே அதை ஒழிக்கவும் செய்யலாம், இதில் நம் பாட்டிகளுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

கிறிஸ்துவ, முஸ்லிம் நண்பர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அவர்களைக் கேட்பதே முறை. நான் அறிந்தது கொஞ்சம். குர்ஆன் (2:155) பயத்தாலும் பசியாலும் பொருள், உயிர், விளைச்சல் இழப்பாலும் சோதிப்போம், பொறுமையாளருக்கு நன்மாராயம் என்கிறது. யோபு, அய்யூப் நபி என்று இரு சமயத்தாரும் போற்றும் ஒருவர் இருக்கிறார், எல்லாம் இழந்து நொந்தவர். விவிலியத்தில் அவருடைய நண்பர்கள் பக்கம் பக்கமாகக் கடவுளுக்காக வாதாடுகிறார்கள், நீ ஏதோ செய்திருப்பாய் என்று. கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பிய யோபுவிடம் அல்ல, அந்த நண்பர்களிடம். என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் சாகிறார்கள். அவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் என்று எண்ணுகிறீர்களா, இல்லை என்கிறார் இயேசு. ஓவன் சாலை முனையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும்.

நாத்திகர்கள் பக்கம் உள்ள பலமான வாதம் எது?

வில்லியம் ரோ 1979இல் சொன்னது. காட்டுத்தீயில் சிக்கிய மான்குட்டி ஒன்று வெந்த உடலோடு பல நாள் கிடந்து சாகிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இதில் என்ன நன்மை இருக்க முடியும்? முரண் என்று ரோ சொல்லவில்லை. இப்படிப்பட்ட துன்பங்கள் கடவுள் இல்லை என்பதற்கு நல்ல சான்று என்கிறார், அவ்வளவே. அதுவே பதில் சொல்லக் கடினமாக இருக்கிறது.

எதிர்வாதம்: நமக்குக் காரணம் தெரியவில்லை என்பதால் காரணம் இல்லை என்று ஆகாது. இதில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. டெங்கிச் சோதனைக்கு வந்த அதிகாரி என் தாழ்வாரத்துப் பூத்தொட்டிகளைப் பார்த்தார். "எல்லாம் காய்ஞ்சுதான் இருக்கு" என்று அடித்துச் சொன்னேன். அவர் கைவிளக்கை அடித்து, துளசித் தொட்டித் தட்டில் சொட்டுக்குழாயை விட்டு உறிஞ்சி, சிறு குப்பியில் என் கண்முன் நீட்டினார். காற்புள்ளி மாதிரி நான்கு நெளிந்தன. அறையில் யானை இல்லை என்று வாசலில் நின்றே சொல்லலாம், கொசுப்புழு இல்லை என்று அப்படிச் சொல்ல முடியாது. கடவுளின் காரணங்கள் யானை அளவா, புழு அளவா என்பதில்தான் ரோவுக்கும் அவரை மறுப்பவர்களுக்கும் சண்டை. ஆனால் இந்தப் பதிலையும் ரொம்ப இழுக்கக்கூடாது. எதைக் கேட்டாலும் 'உனக்குத் தெரியாத காரணம் இருக்கும்' என்றால், எது நல்லது எது கெட்டது என்று நாம் எதையுமே சொல்ல முடியாமல் போய்விடும்.

நம் ஊர்த் தமிழரிடையே இந்த வாதம் வேறு வழியாக வந்தது. 1929இல் பெரியார் மலாயாவுக்கும் இங்கும் பயணம் வந்தார், 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. அவர்களுக்கு மான்குட்டி தேவைப்படவில்லை. ஒரு மனிதனைக் கோயில் வாசலில் நிறுத்திவைத்து, அதற்கும் கடவுளையும் வினையையும் காரணம் காட்டினார்களே, அந்தத் தீமை போதும். 'உன் வினை' என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. சாமி கும்பிடும் நான் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோபத்தில் கடவுளைத் திட்டிவிட்டேன். பாவமா?

சுந்தரர் திட்டியதில் கால்வாசியாவது திட்டினீர்களா?

தம் மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று திருவொற்றியூரில் சத்தியம் செய்து, அதை மீறிப் புறப்பட்டதால் இரண்டு கண்ணும் போனது. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. திருவாரூரில் வந்து நின்று பாடுகிறார் (ஏழாம் திருமுறை, 95ஆம் பதிகம்). அடியார் தங்கள் அல்லலைச் சொன்னால் வாளா இருப்பீர், "வாழ்ந்து போதீரே." நல்லா இருங்க சாமி, என்று நாம் கை கூப்பிவிட்டுப் போவோமே, அந்தத் தொனி. அடுத்த பாட்டில், "குற்றம் ஒன்றும் செய்ததில்லை, கொத்தை ஆக்கினீர்" என்கிறார். கொத்தை என்றால் குருடு. சத்தியத்தை மீறியவர் சொல்கிற பேச்சா இது! "நீரே பழிப்பட்டீர்" என்று வேறு முடிக்கிறார். பழி உம்மேல்தான். இன்னொரு கண்ணும் கிடைத்தது. அந்தப் பதிகத்தைத் திருமுறையில் வைத்து இன்றும் பண்ணோடு ஓதுகிறோம். திட்டுவதற்கு எதிரில் ஆள் வேண்டும். ஆள் இல்லை என்று முடிவு செய்துவிட்டவன் யாரைத் திட்டுவான்?

எட்டு வயது மகன், தாத்தாவை சாமி ஏன் கொன்றார் என்று கேட்கிறான். என்ன சொல்ல?

"சாமிக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு குழந்தை, சாமிக்குத் தன்னைப் பிடித்துவிடக்கூடாது என்று கோயிலுக்கு வரவே பயந்தது. தாத்தாவுக்கு என்ன நோய் என்று சொல்லுங்கள். அம்மாவுக்கும் ஏன் என்று தெரியவில்லை, அம்மாவும் சாமியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

துக்க வீட்டில் நான் என்ன பேசவேண்டும்?

யோபுவின் நண்பர்கள் வாய் திறக்கும்முன் ஏழு நாள் இரவு பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களாம், ஒரு சொல் பேசாமல். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்பட வண்டி வந்தது. சின்னப் பெட்டி, நான்கு பேர் போதும். கார்ப்பேட்டையைக் கடக்கும்போதுதான் கவனித்தேன், கொம்பாங் சத்தம் இல்லை. அந்தப் பக்கம் மாப்பிள்ளை வரவேற்புக்கு நின்ற பையன்கள் மேளத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார்கள். யார் போய்ச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. வண்டி சாலைக்குத் திரும்பியபிறகு மறுபடி தொடங்கினார்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், டீச்சர்? சுற்றி வளைக்காமல்.

பொருந்தும் என்று நினைக்கிறேன். எப்படி என்று தெரியவில்லை. தெரியும் என்று சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

வகுப்பில் சேரக் கடவுள் நம்பிக்கை வேண்டுமா?

வேண்டாம். குரல் கொஞ்சம் இருந்தால் நல்லது. எட்டரைக்குத் தொடங்குகிறோம், பாய் நாங்களே போடுகிறோம். 'கூற்றாயினவாறு' ஆறாவது வாரம்தான் வரும், கொல்லிப் பண் கொஞ்சம் பழகவேண்டும். அந்தத் தாய் இப்போது மூன்றாவது வரிசையில் உட்காருகிறாள். முதல் வரிக்கு எல்லாரையும்விடச் சத்தமாக எடுப்பாள், 'நான் அறியேன்' வரும்போது மட்டும் நிறுத்திவிடுவாள். நான் திருத்துவதில்லை.